ஏகமனதாக

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் பதினொரு ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்தேன். கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் நான் அதிகம் எழுதிய சொல் 'ஏகமனதாக'.

1972இல் மரத்துக்கு வரி கட்டிக் கள்ளு இறக்கும் மரவரி முறை வந்த பிறகுதான், பாளை சீவிக் கள்ளு இறக்கும் சீவல் தொழிலாளர்கள் தவறணை என்ற கள்ளுக்கடையின் குத்தகைக்காரரது பிடியிலிருந்து விடுபட்டுத் தாங்களே சங்கமானார்கள். ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. சட்டப்படி அவர்கள்தான் முதலாளிகள், நான் அவர்களுடைய சம்பளக்காரன். நடைமுறையில் என்னைவிட முப்பது வயது மூத்தவர்கூட என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டார். நானும் மறுத்ததில்லை.

பொதுக்கூட்டம் எப்போதும் காலை 8.30க்கு. அந்த நேரம் தொழிலாளி மரத்தில் இருப்பார், அல்லது தவறணையில் கள்ளு அளந்துகொண்டிருப்பார். ஒரு நேரம் பாளை சீவாமல் விட்டால் கள்ளு குறையும். அதைக் கூட்டத்துக்காக யார் விடுவார்? ஏறுவதை நிறுத்திவிட்ட வயோதிபர்களை வைத்துக் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆட்தொகை, நிரம்பிவிடும். மற்றவர்கள் பத்து மணிக்கு வரும்போது கணக்கறிக்கை நிறைவேறியிருக்கும். கதிரைகள் காலியாக இருந்தாலும் சுவரோரமாகவே நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குறையே மனதில் எழாதபடி செய்வதுதான் அதிகாரத்தின் ஆழமான வடிவம் என்று சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் வாதிட்டார். எங்கள் சங்கத்துக்கு அது பொருந்தாது. கள்ளு அளக்கும் வரிசையில் நின்று கேட்டால் தெரியும்: கொள்விலை, கழிவு, நிர்வாகத்தின் பயணச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு மண்டபத்துக்குள் வர வழியில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் முதியவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். "ஐயா, அந்த ஏகமனதுக்குள் என் மனமும் இருக்கிறதா?" என்று கேட்டார். பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஓர் ஆண்டு, மண்டபத்தில் காலையில் கலியாணம். வேறு வழியில்லாமல் கூட்டத்தைப் பகல் ஒரு மணிக்கு வைத்தோம். கதிரைகள் போதவில்லை. மாலைச் சீவலுக்குப் போகும் நேரம்வரை பேசினார்கள். பயணச் செலவுத் தீர்மானம் மூன்று வாக்குகளால் தோற்றது. அறிக்கையில் முதன்முறையாக 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்த ஆண்டு அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யத் தந்தார்கள். நேரம் காலை 8.30. மண்டபம் நாள் முழுக்கக் காலியாக இருந்தது எனக்குத் தெரியும். தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.