மைக்ரோசெஸ்: திரை இல்லாத சதுரங்கம்

டொரன்டோவில் பீட்டர் ஜென்னிங்ஸ் 1976ல் எழுதிய 'மைக்ரோசெஸ்' என்ற சதுரங்க நிரல் மேல் எனக்குத் தீராத காதல். அது ஓடிய கிம்-1 என்ற ஒற்றைப் பலகைக் கணினியின் ரேம் நினைவகமே 1,152 பைட்தான். அதற்குள் ஒரு சதுரங்க ஆட்டக்காரரையே அடைத்துவிட்டார் மனுஷன்!

திரை கிடையாது. ஆறு சிவப்பு இலக்கங்கள்: முதல் இரண்டு காய், அடுத்த இரண்டு புறப்பட்ட கட்டம், கடைசி இரண்டு சேரும் கட்டம். போன வாரம் எமுலேட்டரில், அதாவது அந்தப் பழைய கணினி போலவே இயங்கும் மென்பொருளில், ஆடினேன். பக்கத்தில் மரப்பலகை விரித்து, அது சொன்ன காயை நானே நகர்த்தினேன். எண்கள் ஒரு கணம் மினுங்கி நிற்கும்போது எதிரில் யாரோ யோசிப்பது போலவே இருந்தது.

அன்று இதன் விலை பத்து டாலர். பின்னாளில் இதன் விற்பனைப் பணம்தான் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் உருவாகக் கைகொடுத்தது. நுழைவாயிலைத் திறந்தது ஒரு சிப்பாய்!