கணுக்கால் உயரக் கோடு

காலையில், வட, தென் கொரிய எல்லையில் இருக்கும் பன்முன்ஜோமின் காணொளி ஒன்று கண்ணில் பட்டது.

இரண்டு நீலக் கொட்டகைகள். நடுவே தரையில் ஒரு கான்கிரீட் கோடு, கணுக்கால் உயரம்தான் இருக்கும். 2018-ல் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னும் அப்போதைய தென்கொரிய அதிபர் மூன் ஜே இன்னும் கைகோத்துத் தாண்டியது இதைத்தான்.

தெற்கே தென்கொரியப் படையோடு சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள்.

"அந்நிய மண்ணில் இத்தனை வருஷம் எதற்கு?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் தேதிகளைப் பார்த்தேன். 1949 ஜூனில் அமெரிக்கப் போர்ப்படை தென்கொரியாவை விட்டுக் கிளம்பிப் போனது. மிஞ்சியது சில நூறு ஆலோசகர்கள். 1950 ஜூன் 25-ல் வடகொரியா உள்ளே புகுந்தது. மூன்றே நாளில் தலைநகர் சியோல் விழுந்தது.

வெளியேறியது மட்டுமே காரணம் இல்லை, சரி. சோவியத் தலைவர் ஸ்டாலினின் சம்மதமும் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வருட இடைவெளியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

1953-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், சியோல் இன்று காலையும் வேலைக்குக் கிளம்பியிருக்கும்.