கலேயில் கேட்ட முத்திரை

லண்டன் - பாரிஸ் ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் தேடுகிறவர்கள் விலையைப் பார்த்துவிட்டு நேராக இரவு பஸ்ஸுக்குத்தான் வருவார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். போனது 2025 கோடையில். இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட், இங்கிலாந்தில் வேலை விசா, கையில் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் சுற்றுலா விசா. போகும்போது ஒரு குறையும் இல்லை. லண்டன் விக்டோரியாவில் ஏறினோம், இங்கிலாந்துத் துறைமுகமான டோவரில் சோதனை முடிந்தது, கப்பலில் ஒன்றரை மணி நேரம், பிரான்ஸ் துறைமுகமான கலேயில் இறங்கி விடிகிற நேரத்துக்கு பாரிஸ் பெர்சி பஸ் நிலையம். படுத்தியதெல்லாம் திரும்பி வரும்போதுதான்.

இந்தப் பாதையில் புதிதாகப் போகிறவர்களைக் குழப்பும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸுக்குள் நுழையும் சோதனை பிரான்ஸில் நடக்காது, டோவரிலேயே நடந்துவிடும். அதேபோல் இங்கிலாந்துக்குள் நுழையும் சோதனை கலேயில் நடக்கும். 2003இல் லெ தூகே என்ற ஊரில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் இதற்கு அடிப்படை. அதனால் கலேயில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் பிரான்ஸ்காரர் உங்களை வெளியே அனுப்புவார், சில அடி தள்ளி பிரிட்டிஷ்காரர் உள்ளே விடுவார். கப்பல் ஏறுவதற்கு முன்பே இரண்டு நாடுகளும் முடிந்துவிடும்.

எல்லோரும் பயப்படுவது பிரிட்டிஷ் கவுன்ட்டருக்கு. நானும், ஆன்லைனில் இருக்கும் இங்கிலாந்து விசாவைக் காட்ட உதவும் ஈ-விசா ஷேர் கோடு, சம்பள ஸ்லிப், கம்பெனிக் கடிதம் என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் தயாராகப் போயிருந்தேன். மாட்டியது பிரான்ஸ் பக்கத்தில், நாட்டை விட்டு வெளியே போகிற கவுன்ட்டரில்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். டிரைவர் விளக்கைப் போட்டு, எல்லோரும் பாஸ்போர்ட்டோடும் பைகளோடும் இறங்குங்கள், இருபது நிமிடத்தில் கட்டிடத்தின் அந்தப் பக்கம் பஸ் நிற்கும், வராதவர்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று அறிவித்தார். பிரெஞ்சில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. கடல் காற்றில் தூக்கமெல்லாம் கலைந்து வரிசையில் நின்றோம். மனைவியின் பாஸ்போர்ட்டில் அதிகாரி டப்பென்று குத்திக் கொடுத்துவிட்டார். என்னுடையதைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து திருப்பினார். அப்புறம் விசாப் பக்கத்தை விரித்து, அதற்கு எதிரே வெறுமையாக இருந்த பக்கத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

நுழைவு முத்திரை இல்லை.

டோவரில் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றாகத்தான் கொடுத்தோம். அங்கே இருந்தவர் இரண்டையும் ஸ்கேன் செய்தார், ஒன்றில் குத்தினார், இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். பின்னால் மூன்று பஸ் கூட்டம் நின்ற வேகம் அது. ஒரு பாஸ்போர்ட்டில் விழுந்த மை இன்னொன்றில் விழவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நுழைவு முத்திரை இல்லாத வெளிநாட்டுக்காரர் அனுமதித்த நாட்களைத் தாண்டித் தங்கிவிட்டார் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்ள ஷெங்கன் எல்லைச் சட்டம் அப்போது இடம் தந்தது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. பயண டிக்கெட் காட்டலாம், அந்த நாட்களில் ஷெங்கனுக்கு வெளியே இருந்ததற்கு நம்பும்படியான எந்தச் சான்றையும் காட்டலாம். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அவர் "எப்போது நுழைந்தீர்கள்?" என்று கேட்டார், நான் சொன்னேன், "ஆதாரம்?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

போனில் வந்த பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையசைத்தார். டிக்கெட் வாங்கியதற்குத்தான் அது சான்று, ஏறியதற்கு இல்லை என்றார். நியாயம்தான், ஆனால் நடுராத்திரியில் நியாயம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மனைவியின் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரையைக் காட்டி, ஒன்றாகத்தான் வந்தோம் என்றேன். அது அவருடைய பாஸ்போர்ட் என்றார். பேங்க் ஆப்பைத் திறந்து பாரிஸ் மெட்ரோவில் கார்டு போட்ட வரிகளைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தார், பக்கத்து ஆளைக் கூப்பிட்டார். என்னை வரிசையை விட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

இதற்குள் எங்கள் பஸ் ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். டிரைவர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது, உங்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், அடுத்த பஸ்ஸுக்கு நீங்களே டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரமாக நிறுத்தப்பட்ட ஆளிடம் சொல்கிற தோரணையா அது?

இந்த இடத்தில்தான் அக்கா வருகிறார். பெர்சியில் எங்களுக்கு முன் சீட்டில் ஏறிய யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் நெடுங்காலமாக இருக்கிறார், பிரெஞ்சு பாஸ்போர்ட், லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி இதே பாதையில் வருகிறவர். டிரைவர் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தம்பி. நான் பஸ் வாசலிலை போய் நிக்கிறன். நான் ஏறாமல் அவர் கதவை மூடேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்திருக்கிறார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டிரைவரிடம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாராம். என்ன பேசினார் என்று பிறகு கேட்டேன். "கனக்க ஒண்டும் இல்லை, என்ரை முழங்கால் வருத்தத்தைப் பற்றிச் சொன்னனான்" என்றார்.

என்னைக் காப்பாற்றியது ஒரு துண்டுக் காகிதம். பாரிஸ் ஓட்டல்களில் அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சுற்றுலா வரி உண்டு. முன்பதிவில் சேராமல் வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்டார்கள் என்று அன்றைக்கு நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். அதற்குக் கொடுத்த ரசீதில் எங்கள் இருவர் பெயரும், வந்த தேதியும், கிளம்பும் தேதியும், ஓட்டல் முத்திரையும் இருந்தன. மனைவி அதைக் கசக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தார். "என்னங்க, இது ஆகுமா பாருங்க" என்று நீட்டினார்.

அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடவே, கிளம்புவதற்கு முந்தைய நாள் நான் ரெடிங்கில் பல் டாக்டரிடம் போன ரசீது மின்னஞ்சலில் இருந்தது ஞாபகம் வந்து அதையும் காட்டினேன். முதல் நாள் இங்கிலாந்தில் பல் பிடுங்கியவன் மறுநாள் பாரிஸில் அறை எடுத்திருக்கிறான் என்றால் இடையில்தானே எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் தடவையாக அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பாஸ்போர்ட்டில் நுழைந்த தேதியையும் இடத்தையும் பேனாவால் எழுதி, பக்கத்தில் வெளியேறும் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். இப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்திலேயே இடமிருந்தது.  வெறும் வெளியேறும் முத்திரையோடு வந்திருந்தால் அடுத்த விசாவுக்குப் போகும்போது அதே கேள்வி திரும்ப வந்திருக்கும்.

பிரிட்டிஷ் கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வைத்தார், திரையைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். ஷேர் கோடு கேட்கவே இல்லை. பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் மட்டும் புது எண்ணை ஈ-விசா கணக்கில் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதோடு விட்டார்களா? பைகளைச் சோதிக்கும் இடத்தில் மனைவி ஆசையாக வாங்கிய சீஸ் போனது. ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி வந்ததால், 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்கு மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் சொந்த உபயோகத்துக்குக்கூடக் கொண்டுவரக் கூடாது. கடையில் மூடி முத்திரையிட்டு விற்றதும் இதில் அடக்கம். நாமாகவே ஒப்படைத்துவிட்டால் பொருளோடு போகும். மறைத்துப் பெரிய அளவில் மாட்டினால் இங்கிலாந்தில் 5,000 பவுண்டு வரை அபராதம் போகலாம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்காவின் பையிலும் ஒரு பெரிய டப்பா நிறைய ரோல்ஸ். மூடியைத் திறந்ததும் மிளகும் கறிவேப்பிலையும் அந்த இடமெல்லாம் மணத்தது. உள்ளே என்ன என்று கேட்டார்கள். "ஃபிஷ்" என்றார் அக்கா, அலட்டிக்கொள்ளாமல். ஒன்றைப் பிட்டுக் காட்டினார். மீனுக்குத் தடை இல்லை. டப்பா அப்படியே திரும்பி வந்தது. தடை வந்ததிலிருந்து மட்டனை விட்டுவிட்டு மீனுக்கு மாறிவிட்டாராம். பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்களுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து, பிரிட்டனுக்குள் வருவதற்கான ஈ.டி.ஏ. என்ற ஆன்லைன் பயண அனுமதியைப் பணம் கட்டி (அப்போது 16 பவுண்டு) எடுக்க வேண்டியிருப்பதைப் பற்றி அவருக்குத் தனிக் கோபம் இருக்கிறது. அதைக் கப்பல் ஏறும்வரை கேட்டோம்.

கப்பலில் ஒரே ஒரு எச்சரிக்கை. நடுக்கடலில் போன் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்தால் அது சாதாரண ரோமிங் கணக்கில் வராது, பில் எகிறிவிடும். ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பஸ் நிற்கும் தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் அடையாளத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கரை நெருங்கும்போது எல்லாப் படிக்கட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இனி முத்திரையே இருக்காதே என்று கேட்பீர்கள். 2025 அக்டோபர் 12இல் ஐரோப்பாவின் புதிய நுழைவு - வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியது. முதல் தடவை கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், அப்புறம் எல்லாம் கணினியில்தான், மை முத்திரைக்கு வேலை இல்லை. நல்லதுதான். ஆனால் இரண்டு பாஸ்போர்ட்டை ஒன்றாகத் தள்ளுகிற வேகம் கணினி வந்தாலும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுங்கள், பதிவாகிவிட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஓட்டல் ரசீதைக் காகிதமாக வாங்கிப் பையில் வையுங்கள்.

டிரைவர் மிரட்டியதைப் பற்றி பஸ் கம்பெனிக்கு எழுதினேன். எல்லைச் சோதனையில் ஏற்படும் தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று விதி எண்ணோடு பதில் வந்தது, கூடவே அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன். அதை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மீன் ரோல்ஸ் செய்முறையைக் கேட்டிருக்கிறோம், இன்னும் தரவில்லை.