பெயின்ட் அடித்த டிக்கர்

தாளவாடியில் நமக்கு மூன்று ஏக்கர் உருளைக்கிழங்கு. போன முறை பறிக்க ஆள் கிடைக்காமல் பட்ட பாடு போதும் என்று, சாம்ராஜ்நகர் பக்கம் ஒருவரிடம் டிராக்டரில் மாட்டிக் கிழங்கு தோண்டும் பழைய டிக்கர் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேற்று போனேன். பெயின்ட் புத்தம் புதுசு. அங்கேயே லேசாக உறுத்தியது.

கீழே படுத்து, மண்ணைச் சலித்துக் கிழங்கை மேலே கொண்டுவரும் கம்பிச் சங்கிலியைப் பார்த்தேன். நான்கு கம்பிகள் வளைந்திருந்தன, ஒன்றில் வெல்டிங் தழும்பு. கம்பி வளைந்தால் இடைவெளி அகலும், பொடிக் கிழங்கெல்லாம் திரும்ப மண்ணுக்குள் போய்விடும். கொழு தேய்ந்திருந்தது, அது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் மாட்டி நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

"நல்லா ஓடும்ணா, நம்பி எடுங்க."

சரி, ஓட்டுங்கள் என்று நின்றேன். கியர்பாக்ஸில் கரகரவென்று சத்தம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் அது இரண்டு வரிசை மெஷின். அதற்குக் கிழங்கு நட்ட பார்களுக்கு (மண் மேடுகளுக்கு) இடையே 60 செ.மீ. வேண்டும், நம் காட்டில் 45 தான். கொழு பாரின் ஓரத்தில் இறங்கினால் கிழங்கு இரண்டு துண்டாகத்தான் வெளியே வரும். வெட்டுப்பட்ட கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு வரிசை டிக்கர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்காததாக இருந்தால் இன்னும் நல்லது.