வலுவிழந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை காலை. கிராம நிர்வாக அலுவலகத்தைத் திறக்கப் போகிற வழியில் டீக்கடையில் ஆறேழு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா சார், புயலா இல்லையா, ஒரு முடிவா சொல்லுங்க." மூன்று நாளாக ஊரில் இதே பேச்சுதான். ஃபெங்கல் என்று பெயர் வைத்தாயிற்று, புயலாக மாறும் என்றார்கள், மாறவில்லை, நகரவே இல்லை என்றார்கள், அப்புறம் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்று முன்னறிவிப்பு வந்தது. ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார், இன்னொருவர் அதற்கு நேர் எதிரான வேறொரு வீடியோ காட்டினார். நான் டீயை வாங்கிக்கொண்டே, "வலுவிழந்துடுச்சாம்பா, பெருசா ஒண்ணும் இருக்காதுபோல" என்றேன்.

அந்த ஒரு வரியை எத்தனை பேர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பது எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் சொன்னது பொய் இல்லை. காலையில் வந்த அறிக்கையில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அதே அறிக்கையில் மழை எச்சரிக்கை கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன். படித்தும் சொல்லவில்லை. கேட்டவர்கள் "புயலா இல்லையா" என்று கேட்டார்கள், நானும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால், அதற்கு நான்கு வருடம் முன்னால் போக வேண்டும். 2020 நவம்பரில் நான் மரக்காணம் பக்கம் கடலோர கிராமம் ஒன்றில் இருந்தேன். நிவர் புயல். அதி தீவிரப் புயல் என்று தொலைக்காட்சிகளில் அலறல். 25-ஆம் தேதி அரசு பொது விடுமுறை விட்டது. கொரோனா காலம் வேறு, முகாமில் இடைவெளி விட்டுப் படுக்க வைக்க வேண்டும், முகக்கவசம் கொடுக்க வேண்டும், இரண்டு நாளில் தொண்டை கட்டிவிட்டது எனக்கு. அப்போது தண்டோரா போடுகிற வழக்கம் இருந்தது (2022-ல்தான் அரசு அதை நிறுத்தச் சொன்னது, நல்ல முடிவு). தண்டோரா போட்டும், தலையாரியை அனுப்பியும், நானே நேரில் போயும் கடைசித் தெருவில் ஒரு பாட்டி மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டது. திண்ணையில் நான்கு ஆட்டைக் கட்டிவைத்துக்கொண்டு, "மணியக்காரரே, தானே புயலையே இந்தத் திண்ணையில குந்திதான் பாத்தேன், நீ போ" என்றது.

தானே இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு அளவுகோல். 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைத்தான் சொல்வார்கள். எந்தப் புயல் வந்தாலும் முதல் கேள்வி "தானே மாதிரியா?" என்பதுதான். அதாவது காத்து எப்படி, மரம் விழுமா, கூரை போகுமா.

அந்தப் பாட்டியைக் கடைசியில் ஆடுகளோடு சேர்த்துத்தான் கூட்டிவந்தோம். முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் ஆடுகளைக் கட்டினோம், தலையாரி முணுமுணுத்துக்கொண்டே தழை ஒடித்து வந்து போட்டார். நடு ராத்திரியில் மரக்காணத்துக்குப் பக்கத்தில் நிவர் கரையைக் கடந்தது, மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகம் என்று அறிவித்தார்கள். நான் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தகரம் படபடத்தது, மரங்கள் விழுந்தன, மழை அடித்து ஊற்றியது, விடியும்போது புயல் நகர்ந்து போய்விட்டது. எங்கள் கிராமத்தில் ஒருவருக்கும் காயம் இல்லை, கூரைகள் சில போயின, உப்பளங்களில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் பேச்சு வேறு மாதிரி ஆரம்பித்தது. "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" "பூச்சாண்டி காட்டிட்டாங்க." பாட்டி ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போனது. அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. மாநிலம் முழுக்க இரண்டு லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள், அதனால்தான் உயிர்ச்சேதம் குறைந்தது என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏதோ நான் ஊரைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்ட மாதிரி ஒரு கூச்சம். இனிமேல் அளந்து பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருடம் கழித்து டீக்கடையில் அளந்து பேசியது அந்தக் கூச்சம்தான்.

அதற்குள் எனக்கு மாறுதல் வந்து தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் வந்துவிட்டேன். கடல் இங்கே இல்லை. அலை, கூண்டு எண், படகு, எதுவும் கிடையாது. ஆறும் ஏரியும் வாய்க்காலும்தான்.

நான் டீக்கடையில் பேசிய அதே நாள் மத்தியானம் அது புயலாக மாறிவிட்டது. 30-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. வேகம் 70, 80 கிலோமீட்டர். நிவரோடு வைத்துப் பார்த்தால் இரண்டு படி கீழே. அன்றைக்கு ராத்திரி எங்கள் ஊரில் பெரிய காற்று இல்லை, நாலைந்து வாழை சாய்ந்தது, அவ்வளவு. "பாத்தீங்களா சார், நீங்க சொன்னது சரிதான்" என்று ஒருவர் போனில் பாராட்டினார். புயல் கரையைக் கடந்துவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்.

ஆனால் அது நகரவில்லை. கரையைக் கடந்த பிறகு புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. நின்ற இடத்தில் நின்று கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 48. ஒரே நாளில் முழங்கால் உயரத்துக்கு வானத்திலிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மெதுவாக உள்ளே போய், மறுநாள் கணக்கில் விழுப்புரத்தில் 42, அங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50. அந்த ஞாயிறு சாயங்காலம்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. புயல் என்ற பெயரையே அது இழந்துவிட்ட பிறகு நடந்தது இது.

எங்கள் ஊருக்கு ஆபத்து வந்தது எங்கள் தலைக்கு மேலே பெய்த மழையால் மட்டும் இல்லை. ஊத்தங்கரை, அரூர் பக்கம் பெய்தது எல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணைக்கு வந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஞாயிறு ராத்திரியிலிருந்தே வாட்ஸ்அப் குரூப்பில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, பாதிப் பேருடைய செல்போன் அணைந்து கிடந்தது. நானும் தலையாரியும் ஆற்றங்கரைத் தெருவில் டார்ச் லைட்டோடு கதவு கதவாகத் தட்டினோம். மழை அப்போது விட்டிருந்தது. அதுதான் சங்கடமே. வெளியே எட்டிப் பார்த்தால் மழை இல்லை, காற்று இல்லை, நட்சத்திரம்கூட ஒன்றிரண்டு தெரிந்தது. "மழையே நின்னுபோச்சே சார், இன்னாத்துக்கு இந்நேரத்துல கெளம்பச் சொல்றீங்க?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்கிறவருக்கு, நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நேற்றுப் பெய்த மழை இப்போது உன் வீட்டுக்கு நடந்து வருகிறது என்று எப்படிப் புரியவைப்பது?

ஒரு வயதானவர் மட்டும் கேள்வியே கேட்கவில்லை. "72-ல வந்தது தெரியும், 21-ல வந்தது தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் கிளம்பியதைப் பார்த்து அடுத்த நான்கு வீடு கிளம்பியது. நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது வேலை செய்தது.

தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. முதலில் சேற்று வாடை வந்தது. அப்புறம் தெருவோரச் சாக்கடையில் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஏற ஆரம்பித்தது. வெளிச்சம் வரும்போது இடுப்பளவு. பள்ளிக்கூடத்து மாடியில் எல்லோரும் ஏறி நின்று பார்த்தோம், வைக்கோல் போர் ஒன்று கலையாமல் அப்படியே மிதந்து போனது, அதன் மேல் ஒரு கோழி. அன்றைக்கு அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடி சென்னை–திருச்சி போக்குவரத்து நின்றது, முண்டியம்பாக்கம் பக்கம் ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்கள் நின்றன. சாதாரணப் புயல்தான் இது, பட்டியலில் புயல் என்று சொல்வதற்கான முதல் படி.

அடுத்த இரண்டு வாரம் கணக்கெடுப்பு. ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, பாசன நெல் ஹெக்டேருக்கு 17,000 என்று அரசு அறிவித்திருந்தது. படிவத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் பதினோரு ஆடு. வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர், வெள்ளிக்கிழமை டீக்கடையில் இருந்தவர். பெயர், அட்டை எண், வங்கிக் கணக்கு எல்லாம் சொன்னார். எழுதி முடித்ததும், குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், "மேட்டுத் தெருவுல மச்சான் வூட்டுல கொண்டுபோயி கட்டலாம்னுதான் சார் இருந்தேன். வலுவிழந்துடுச்சுன்னு சொன்னீங்களா, சரின்னு உட்டுட்டேன்" என்றார். கொட்டகையில் பதினோரு கயிறும் முளையில் கட்டினபடியே கிடந்தன. அவிழ்க்க நேரம் இல்லை. நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கடலோரத்தில் அந்தப் பாட்டியின் நான்கு ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டவர்கள் நாங்கள்.

அதன் பிறகுதான் நான் இந்தப் பெயர்களை ஒழுங்காகப் படித்தேன். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் அதி தீவிரப் புயல். எல்லாமே காற்றின் கணக்கு. இதில் மழைக்கு இடமே இல்லை. எவ்வளவு மழை, எத்தனை நேரம் நிற்கும், எந்த ஆற்றில் இறங்கும், எதுவும் அந்தப் பெயருக்குள் கிடையாது. மழைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதி கனமழை என்று தனியாகவே எச்சரிக்கிறார்கள். ஆனால் செய்தியில் பெரிய எழுத்தில் வருவது புயலின் பெயர், சண்டை நடப்பதும் அந்தப் பெயருக்காகத்தான். புயலா இல்லையா, வலுத்ததா வலுவிழந்ததா, யார் சொன்னது பலித்தது, யார் சொன்னது பொய்த்தது. கடலோரத்தில் கூரை வீட்டில் இருக்கிறவருக்கும் படகு வைத்திருக்கிறவருக்கும் அந்தக் காற்றின் கணக்கு உயிர்க் கணக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆற்றங்கரையில் இருக்கிற என் ஜனங்களுக்கு அது பாதிக் கணக்குதான்.

வானிலை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடலுக்கு மேல் சுற்றுகிற ஒன்று அடுத்த மணி நேரம் என்ன செய்யும் என்று சொல்வது சின்ன வேலை இல்லை, மாறினால் மாறியது என்றுதான் சொல்ல முடியும். அந்த மாற்றத்தை ஊருக்குத் தகுந்த மாதிரி சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஏரி எத்தனை அடி நிரம்பியிருக்கிறது, எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத ஆள் இருக்கிறார் என்பது சென்னையில் இருக்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

தண்ணீர் வடிந்த வாரத்தில் பள்ளிக்கூடச் சுவரில் சேற்றுக் கறை எதுவரை இருந்ததோ அங்கே ஒரு நீலக் கோடு போட்டோம், பக்கத்தில் 2-12-2024 என்று தேதி. அந்த வயதானவரைக் கூட்டிவந்து 2021-ல் எதுவரை வந்தது என்று கேட்டு அதற்கும் ஒரு கோடு போட்டோம். 72-க்கு அப்போது இந்தப் பள்ளிக்கூடமே இல்லை என்றார்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா வந்தது. இலங்கையில் அது செய்ததை எல்லோரும் பார்த்தோம், கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை மலையாகச் சரிந்தது, வெள்ளமும் சேர்ந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் பட்டியலில் அதே முதல் படிதான். இங்கே கரையை நெருங்கும்போது வலு குறைந்தது, புயலாகக் கரையைக் கடக்கவே இல்லை, டீக்கடையில் மறுபடியும் அதே சண்டை. "இன்னா சார், இது வருமா வராதா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"புயல் எனக்குத் தெரியாதுப்பா. நம்ம ஏரி நிறைய இன்னும் ஒன்றரை அடிதான் இருக்கு. சாத்தனூர்ல எவ்வளவு விடறாங்கன்னு காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ சொல்றேன். ஆத்தங்கரைத் தெருக்காரங்க ஆடு மாட்டை இன்னிக்கே மேட்டுக்கு ஏத்திடுங்க. தண்ணி வரலன்னா என்னைத் திட்டுங்க."

அந்த முறை தண்ணீர் நீலக் கோட்டுப் பக்கமே வரவில்லை. மூன்று நாள் கழித்து ஆடுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகும்போது இரண்டு பேர் என்னைத் திட்டத்தான் செய்தார்கள். பதினோரு ஆட்டுக்காரரும் அந்த வரிசையில் போனார், இப்போது அவரிடம் புதிதாக வாங்கிய மூன்று குட்டிகள் இருக்கின்றன. ஒன்றைக் கையில் தூக்கி வைத்திருந்தார். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவையும் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.