டெல்லி அரசு மருத்துவமனையில் தேதி மாற்றி வாங்குவது

தேதி மாற்றக் கிளம்புவதற்கு முன்னால் ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள். துறையின் பெயருக்குப் பக்கத்தில் யூனிட் எண் இருக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று. சில இடங்களில் அச்சாகியிருக்கும், சில இடங்களில் பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தேதி மாற்றும் வேலையில் பாதி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகளில் ஒரே துறை இரண்டு மூன்று யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை, தனி ரெசிடென்ட்கள் (அங்கே பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்), தனி ஓபிடி நாள், தனி ஆபரேஷன் நாள். ஒரு யூனிட் திங்கள், வியாழன் உட்கார்ந்தால், அடுத்தது செவ்வாய், வெள்ளி. மூன்றாவது புதன், சனி. நீங்கள் திங்கள் யூனிட்டின் நோயாளி என்றால் செவ்வாய்க்கிழமை தேதி வாங்கி ஒரு பயனும் இல்லை. ஆனால் ஆன்லைனில் துறையின் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் செவ்வாயும் கிடைத்துவிடும். அது தப்பு என்பது அன்று காலை, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று அறைக்குள் போன பிறகுதான் தெரியும். உள்ளே இருக்கும் டாக்டர் கார்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் யூனிட் நாளில் வாருங்கள்" என்று திருப்பிக் கொடுப்பார். அவர் மேலும் தப்பில்லை. வேறு யூனிட் ஆரம்பித்த சிகிச்சையில் அவர் கை வைக்கமாட்டார். மயூர் விஹாரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லத்தான் அங்கே ஆள் கிடையாது. நெஞ்சு கொதிக்கும் இடம் அதுதான்.

ஆகவே கவுண்டரில் வெறுமனே "தாரீக் பதல்வானி ஹை" (தேதி மாற்ற வேண்டும்) என்று நிறுத்தாதீர்கள். "உஸீ யூனிட் மே" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே யூனிட்டில் வேண்டும் என்று அர்த்தம். இந்த மூன்று வார்த்தை ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்த விஷயம், தேதி இரண்டு இடத்தில் இருக்கும். டாக்டர் கார்டில் பேனாவால் எழுதுவது ஒன்று, கம்ப்யூட்டரில் ஏறியிருப்பது இன்னொன்று. "மூன்று மாதம் கழித்து வா" என்று டாக்டர் எழுதிவிட்டால் தேதி கிடைத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஒன்றும் ஏறியிருக்காது. மூன்று மாதம் கழித்து வந்து நின்றால் அன்றைய எண்ணிக்கை முடிந்துவிட்டது என்பார்கள். டாக்டர் எழுதியதும், கட்டடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால், பதிவு கவுண்டரில் கார்டை நீட்டி "கம்ப்யூட்டர் மே சடா தீஜியே" என்று சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள். வரும் சீட்டையும் குறுஞ்செய்தியையும் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டோக்கன் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் காகிதம். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெயிலில் கொண்டுபோனால் சில வாரத்தில் எழுத்து மங்கிப்போகும். அங்கேயே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

தேதி மாற்றப் போகும் நேரமும் முக்கியம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை கவுண்டரில் இருப்பவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அப்போது கேட்டால் "நாளை வா" என்றுதான் பதில் வரும். காலைப் பதிவு மூடிய பிறகு, நண்பகலை ஒட்டிப் போனால் அதே ஆள் நிதானமாகப் பார்ப்பார். டாக்டர் கையால் புதுத் தேதி வேண்டும் என்றால் யூனிட் நாளில் ஓபிடி முடியும் தறுவாயில் போய், சீனியர் ரெசிடென்ட்டிடம் கார்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ரெசிடென்ட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். "அந்த டாக்டர் சொன்னார்" என்பது அடுத்த முறை எடுபடாது. கார்டில் எழுதியிருந்தால் எடுபடும்.

ஆன்லைன் பற்றி. மத்திய அரசின் ஓஆர்எஸ் என்னும் ஆன்லைன் பதிவுத் தளம் 2015-ல் வந்தது. எய்ம்ஸ் உட்பட நிறைய மருத்துவமனைகள் அதில் இருக்கின்றன. பதிவதற்கும் ரத்து செய்வதற்கும் உதவும். தேதியை நகர்த்துவது என்றால் நடைமுறையில் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுப்பதுதான். இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள்: முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு காலி நாள் தேடுகிறார்கள். தேடினால் இரண்டு மாதத்துக்கு ஒன்றும் இருக்காது, பழைய இடமும் போய்விட்டிருக்கும். முதலில் உங்கள் யூனிட் நாட்களில் எங்கே காலி இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் ரத்து பொத்தானைத் தொடாமல் நேரில் போங்கள். கவுண்டரில், டாக்டர் கையெழுத்து இருந்தால், ஆன்லைனில் தெரியாத இடம் கூடக் கிடைப்பதுண்டு.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். தமிழ்நாட்டு ஆதாரில் இனிஷியல் இருக்கும், குடும்பப் பெயர் இருக்காது. இங்கே படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எஸ். லட்சுமி என்பவரை ஒரு கவுண்டரில் லட்சுமி எஸ் என்று ஏற்றுவார்கள், இன்னொன்றில் அப்பா பெயரைச் சேர்த்து லட்சுமி சுப்பிரமணியன் என்று ஏற்றுவார்கள், மூன்றாவதில் காதில் விழுந்தபடி. நாம் ஆங்கிலத்தில் கே-எஸ்-ஹெச் போட்டு எழுதும் லட்சுமியை அவர்கள் எக்ஸ் போட்டு எழுதுவார்கள். பெயர் பொருந்தாதபோது பழைய பதிவு தேடலில் வராது. உடனே புது ஆள் என்று புது யுஹெச்ஐடி, அதாவது நோயாளிக்கு மருத்துவமனை கொடுக்கும் அடையாள எண், போட்டுவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண். முதல் எண்ணில் எம்ஆர்ஐ ரிப்போர்ட், இரண்டாவது எண்ணில் ஓபிடி தேதி. டாக்டர் திரையில் பார்த்தால் ரிப்போர்ட் இல்லை. "ரிப்போர்ட்டோடு வா" என்று இன்னொரு தேதி.

இதைத் தவிர்க்க, கவுண்டரில் பெயரை வாயால் சொல்லவே வேண்டாம். பழைய யுஹெச்ஐடி எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, "இஸீ நம்பர் பே" (இதே எண்ணில்) என்று சொல்லுங்கள். ஏற்கெனவே இரண்டு எண் விழுந்திருந்தால், எம்ஆர்டி என்று எல்லோரும் சொல்லும் மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவில் இரண்டு கார்டு, ஆதார் நகலோடு ஒரு விண்ணப்பம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது முடியும்வரை இரண்டு எண்ணையும் ஒரே கார்டில் எழுதி வைத்திருங்கள். ஆபா என்னும் 14 இலக்க சுகாதார அடையாள எண் வைத்திருப்பவர்கள் க்யூஆர் ஸ்கேன் செய்து பதிவு வரிசையைத் தாண்டலாம். அதிலும் பெயர் ஆதாரில் உள்ளபடிதான் வரும் என்பதால் எழுத்துக் குழப்பம் குறையும். இந்த ஸ்கேன் முறை 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிங் மருத்துவமனையில்தான் தொடங்கியது. இப்போது பரவலாக இருக்கிறது.

போன் எண்ணும் அப்படித்தான். ஓடிபி பதிவான எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் சென்னையில் இருக்கும் மகனுடையது என்றால், அவர் மீட்டிங்கில் இருக்கும்போது நீங்கள் ஆர்.கே.புரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மருத்துவமனை தேதியை ரத்து செய்தால் வரும் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். கூட வருகிறவரின் எண்ணை இன்றே மாற்றிப் போடுங்கள்.

உண்மையான சிக்கல், ஒரு தேதி தனியாக நிற்பதில்லை என்பதுதான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ரிப்போர்ட், ஓபிடி, மயக்க மருந்துப் பரிசோதனை, ஆபரேஷன் என்று ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒன்றை நகர்த்தினால் மற்றதெல்லாம் குலையும். எது மெதுவாகக் கிடைக்கிறதோ அதை முதலில் நகர்த்துங்கள். கிட்டத்தட்ட எப்போதும் அது எம்ஆர்ஐதான். எம்ஆர்ஐ புதன் 10-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் வர நாலைந்து நாள். உங்கள் யூனிட் திங்கள், வியாழன். 15-ஆம் தேதி திங்கள் வாங்கினால் ரிப்போர்ட் கையில் இருக்குமா என்பது சந்தேகம்; 18 வியாழன் வாங்குங்கள். 11-ஆம் தேதி வியாழன் காலியாக இருக்கிறதே என்று எடுத்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் கேட்பார்கள், அதுவும் சமீபத்தியதாக. ஸ்கேன் தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனால் பழைய கிரியேட்டினின் செல்லாது. புதிதாக எடுக்காமல் போய், நாலு மணி நேரம் வெறும் வயிற்றோடு காத்திருந்து, மேசை வரை போய்த் திரும்பியவர்கள் நிறைய. புது ஸ்கேன் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி ரத்தம் கொடுத்துவிடுங்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவர நினைப்பவர்களும் புது கிரியேட்டினின் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் கவுண்டரில் காலையில் கேட்கலாம். தினமும் யாராவது வராமல் போவார்கள். தயாராக நிற்பவரைத்தான் அந்த இடத்தில் ஏற்றுவார்கள். இரவு நேரம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆபரேஷன் தேதி தள்ளினால் இரண்டு காரியம் தவறவே கூடாது. மயக்க மருந்துப் பரிசோதனையில் கொடுத்த "ஃபிட்" சான்றுக்குக் காலக்கெடு உண்டு. புதுத் தேதி வரை செல்லுமா என்று பிஏசி எனப்படும் அந்தப் பரிசோதனைக் கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, இதற்கெல்லாம் மேலானது: ஆபரேஷனுக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் செய்யும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தால், தேதி தள்ளிய அன்றைக்கே "மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கணுமா, எப்போது நிறுத்தணும்" என்று டாக்டரிடம் கேட்டுக் கார்டில் எழுதி வாங்குங்கள். யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருப்பது உயிருக்கு ஆபத்து.

சாதாரண ஃபாலோ-அப் தள்ளிப்போனாலும் மருந்துக் கணக்கைப் பாருங்கள். பழைய தேதி வரைக்கும்தான் மருந்து எழுதியிருப்பார்கள். வலிப்பு, சர்க்கரை, மனநல மருந்து சாப்பிடுபவர்கள் இடைவெளி விடக்கூடாது. தேதி மாற்றும்போதே, இடைப்பட்ட நாட்களுக்கு மருந்து நீட்டித்து எழுதச் சொல்லுங்கள். நோயாளி நேரில் வராவிட்டாலும் கார்டையும் தீர்ந்த மாத்திரை அட்டையையும் காட்டினால் சில டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

மருத்துவமனையே தேதியை ரத்து செய்வதும் உண்டு. எய்ம்ஸில் மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை பேராசிரியர்கள் பாதிப் பாதியாகக் கோடை விடுமுறையில் போவார்கள். அப்போது ஓபிடியும் ஆபரேஷனும் குறையும். அந்த நாட்களில் தேதி கொடுத்தால் "உங்கள் பேராசிரியர் இருப்பாரா" என்று கேட்டுவிடுங்கள். 2024 ஆகஸ்டில் ரெசிடென்ட் டாக்டர்களின் வேலைநிறுத்தம் அங்கே பதினொரு நாள் நடந்தது. அந்த நாட்களின் தேதியெல்லாம் சிதறிப்போயின. 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி எல்லாம் கையெழுத்துக்குத் திரும்பியபோது, பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு அலைச்சல் குறைந்தது. மருத்துவமனை ரத்து செய்த தேதி என்றால் நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதில்லை. குறுஞ்செய்தியையோ பழைய சீட்டையோ எடுத்துக்கொண்டு, வரும் முதல் யூனிட் நாளிலேயே அறைக்குப் போய்க் காட்டுங்கள்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தேதி வாங்கும்போது ரயிலையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்குத்தான். மூன்று மாதம் கழித்த தேதிக்கு இன்றே டிக்கெட் எடுக்க முடியாது. ஸ்கேனையும் ஓபிடியையும் ஒரே பயணத்துக்குள், எட்டு ஒன்பது நாள் இடைவெளியில் வரும்படி கேளுங்கள். "தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம்" என்று சொல்லி ஆதாரைக் காட்டினால், நோயாளிகளுக்கு உதவவே இருக்கும் மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் சில சமயம் டாக்டரிடம் பேசி நாளை நெருக்கித் தருவார். அவருடைய அறை எங்கே என்று விசாரணைக் கவுண்டரில் கேளுங்கள்; நம்மவர்களில் அநேகருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ஆர்எம்எல், லேடி ஹார்டிங் மத்திய அரசின் கீழ் வருவதால் சிபிகிராம்ஸ் என்னும் மத்திய அரசின் புகார் தளத்தில் சுகாதார அமைச்சகத்தின் பெயரில் புகார் போடலாம்; 2024-லிருந்து 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எல்என்ஜேபி, ஜிடிபி போன்றவை டெல்லி அரசுடையவை, ஹிந்து ராவ் மாநகராட்சியுடையது. தப்பான இடத்தில் போட்டால் புகார் சுற்றிக்கொண்டே இருக்கும். புகாரில் கோபத்தைக் கொட்டாமல் யுஹெச்ஐடி, யூனிட், பழைய தேதிகள், எத்தனை முறை மாற்றப்பட்டது, என்ன தேதி வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். பதில் வரும்வரை கையில் இருக்கும் தேதியை ரத்து செய்யாதீர்கள்.