ஒரே கால்வாய், இரண்டு ஆண்டுகள்

"இதில் எது தப்பு, மேடம்?"

பக்கிங்காம் கால்வாயைப் பற்றி ஆய்வேடு எழுதும் முதுகலை மாணவி, இன்று கல்லூரி நூலகத்தில் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

கால்வாய் வெட்டிய ஆண்டு ஒன்றில் 1806, மற்றொன்றில் 1878.

இரண்டுமே தப்பில்லை. எண்ணூர் நோக்கிய முதல் பகுதியை வெட்டியது 1806இல். தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டி, ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டியது 1878இல்.

ஆனால் என் கண் போனது வேறிடத்துக்கு.

வழவழப்பான புதிய புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. பழையதிலோ பக்கத்துக்கு நான்கைந்து; அரசாணை எண்ணும் தேதியும்கூட இருந்தன. அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த பழுப்பேறிய தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1997. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. (நானும்தான்.)

எந்த நூலையும் முன்னுரையிலிருந்து அல்லாமல் அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்குவது எனக்கு வெகு தாமதமாக வந்த பழக்கம். எழுதியவர் மூலத்தைப் பார்த்தாரா, பார்த்தவர் சொன்னதைக் கேட்டு எழுதினாரா என்பது அங்கேதான் தெரிந்துவிடுகிறது.

அந்த அரசாணைகளைத் தேடி மாணவி நாளை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாராம். துறையிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்; எழுதிக் கொடுத்திருக்கிறேன்.